வெருகலுக்கு ஒரு ஸ்கேட் மைதானம் தேவையா?

குடிநீருக்கும் காணிக்கும் அலைகின்ற ஊருக்கு ஸ்கேட் மைதானம் எதற்கு என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. வெருகலில் வாழ்பவன் என்ற வகையில் அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2004 ஏப்ரலில் எங்கள் ஆற்றங்கரையில் மோதல். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போரில் ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தது. 2007க்குப் பின்னரே திரும்பினோம். இன்று பாடசாலை செல்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு இழப்பின் கதைகளைக் கொடுத்திருக்கிறோம். கூடி விளையாட இடம் கொடுத்தது குறைவு. இருக்கும் மைதானங்கள் மாரியில் சேறு. பெண் பிள்ளைகள் அங்கே கால் வைப்பதும் அரிது.

ஸ்கேட் மைதானம் என்பது வழுவழுப்பாகத் தேய்த்த கொங்கிரீட் தளம், ஓரங்களில் வளைந்தேறும் சரிவுகள், சில படிகள், ஓர் இரும்புக் குழாய். அவ்வளவுதான். அணி வேண்டாம், நடுவர் வேண்டாம். ஒரு பலகையைப் பலர் மாறி மாறிப் பாவிக்கலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அங்கே தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு வயது 13.

எங்களுக்குப் பாடமாகக்கூடிய ஊர் ஒன்று இந்தியாவில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்திலுள்ள ஜன்வார் ஏழைக் கிராமம். உல்ரிக் ரெய்ன்ஹார்ட் என்ற ஜேர்மன் பெண்ணின் முயற்சியில் 2015இல் அங்கே ஒரு ஸ்கேட் மைதானம் எழுந்தது. விதிகள் இரண்டே: பாடசாலைக்குப் போகாவிட்டால் சறுக்க முடியாது, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். ஒதுங்கி வாழ்ந்த ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் விளையாடத் தொடங்கினர். அங்கிருந்து வந்த ஆஷா கோண்ட் 2018இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்.

போர் நடந்த நாட்டிலும் இது நடந்தது. காபூலில் 2007இல் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான், சைக்கிள் ஓட அனுமதிக்கப்படாத சிறுமிகளையும் பலகையில் ஏற்றியது. பலகைக்குத் தடை போட அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை. சறுக்கலோடு பாடமும் நடந்தது. 2021 ஓகஸ்டில் தாலிபான்கள் திரும்பியதும் அந்தக் கதவுகள் மூடப்பட்டன.

வெருகலில் இதைக் கட்டுவதானால் முதல் வேலை நிலம். எங்கள் ஆறு மகாவலியின் கிளை. மேலே மழை பெய்தால் இங்கே வெள்ளம். எனவே மேட்டு நிலம் தேர்ந்து, கிரவல் போட்டு இறுக்கி, தண்ணீர் வழிந்தோட வழி விட்டு, கம்பி கட்டித் தளம் போடவேண்டும். எங்கள் பொடியன்கள் பலர் மேசன் வேலை தெரிந்தவர்கள். வளைவுகளைத் தேய்த்தெடுக்க மட்டும் அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் ஏறவிடக் கூடாது.

சீமெந்தை விடக் கடினமானது கடதாசி. வன இலாகாவின் எல்லைக்கல்லா, பிரதேச சபைக் காணியா, கோயில் காணியா என்பது எழுத்தில் தெளியாமல் ஒரு மூடை சீமெந்தும் இறக்கக் கூடாது.

சுனாமிக்கும் போருக்கும் பிறகு எங்களுக்குக் கட்டடங்கள் கிடைக்காமல் இல்லை. திறப்பு விழா நடக்கும், பெயர்ப்பலகை மின்னும், சாவி யாரோ ஒருவரின் வீட்டில் தொங்கும். ஸ்கேட் மைதானத்துக்குக் கதவே இல்லை. அதுதான் அதன் பலம். ஆனால் கதவில்லாத இடத்தைக் கூட்டிப் பெருக்கவும், சண்டை வந்தால் தீர்க்கவும் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் குழுவிடமே கொடுக்கவேண்டும். அதில் பாதிப்பேர் பெண் பிள்ளைகளாக இருக்கவேண்டும்.

உதவ நினைக்கும் புலம்பெயர் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்: பலகைகளைக் கடைசியில் அனுப்புங்கள். முதலில் எங்கள் பிள்ளைகளோடு ஒரு கூட்டம் போட்டு, அவர்களுக்கு இது வேண்டுமா என்று கேளுங்கள். அவர்கள் வேறொன்றைக் கேட்டால் அதைக் கட்டுவோம்.