வாங்குபவர் யார், முடிவு செய்பவர் யார்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு இன்று ஆலைகளின் நாடாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உண்ணவும் கை துடைக்கவும் பொருள் வேண்டும். நம்மிடம் அரிசியும் காய்கறியும் துண்டும் உண்டு. ஆயினும் ஆலை வாயிலில் மனு கொடுத்துவிட்டு, பதிலின்றித் திரும்புகிறோம். காரணம் யாது?

நம் நெசவாளர் சங்கங்கள் வேறு வகை வாணிபத்தில் பழகியவை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நம் துணியை விற்றுத் தருகிறது. 1983இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தில் அரசே வாங்குகிறது. அங்கே முடிவு செய்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆலையிலோ அவரைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

ஒரு ஸ்தாபனம் பொருள் வாங்கும்போது ஐவகையினர் பங்கு கொள்கின்றனர் என்று வெப்ஸ்டர், விண்ட் என்னும் பேராசிரியர் இருவர் 1972இல் வகுத்துரைத்தனர். பயன்படுத்துவோர், கருத்துரைப்போர், கொள்முதல் செய்வோர், முடிவு செய்வோர், வாயில் காப்போர் என்பன அவ்வகைகள். கைத்துண்டையே எடுத்துக்கொள்வோம். அதைப் பயன்படுத்துபவர் தொழிலாளி. தரம் இன்னதென்று சொல்பவர் ஒரு மேற்பார்வையாளர். விலைகளை ஒப்பிடுபவர் கொள்முதல் அதிகாரி. செலவுக்குக் கையொப்பமிடுபவர் வேறொருவர். நம் கடிதம் எவர் மேஜைக்குப் போகும் என்பதை நிர்ணயிப்பவரோ வரவேற்பறையில் இருப்பவர். அவரிடம் மரியாதையாக நடந்துகொள்வது வெறும் பண்பு மட்டுமன்று, வாணிப அறிவுமாகும்.

உணவுப் பொருளின் வழி இன்னும் வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைய வழிசெய்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 100 ஆக்கியது. ஆயின் பல ஆலைகள் உணவகத்தைத் தாமே நடத்துவதில்லை, ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றன. அவ்விடங்களில் கத்தரிக்காய் வாங்குவதை முடிவு செய்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளே. ஆலை மேலாளரைப் பத்து முறை கண்டாலும் பயன் விளையாது.

ஜப்பானிய ஸ்தாபனங்கள் பலவற்றில் 'ரிங்கி' என்றொரு முறை உண்டு. கீழ்நிலை அலுவலர் எழுதும் குறிப்பு, ஒவ்வொருவர் இசைவு முத்திரையையும் பெற்று மேலே ஏறும். ஆகவே பெரிய அதிகாரியை மட்டும் நாடி, குறிப்பெழுதும் இளைஞரை அலட்சியம் செய்தால் காரியம் கெடும்.

இவர்களைக் காண்பது எங்ஙனம்? ஆலையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம், உணவக ஒப்பந்தக்காரர் யாரென்று கேட்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் பொதுப் பதிவுகளில் இயக்குநர் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தை அணுகி, வாங்குவோர்-விற்போர் சந்திப்புகள் எப்போது நடைபெறும் என விசாரிக்கலாம். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்போகலாகாது. பொருள், அளவு, விலை, தரக்கூடிய நாள் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். "இப்பொறுப்பு தங்களுடையதன்றெனில் யாருடையதெனத் தெரிவிக்க வேண்டுகிறோம்" என முடிப்பது நலம். அவ்வொரு வாக்கியம் பல கதவுகளைத் திறக்கும்.

"மேலாளர் எனக்கு வேண்டியவர், கமிஷன் கொடுங்கள்" என்று வருவோரிடம் எச்சரிக்கை தேவை. கூட்டுறவின் பணம் அங்கத்தினர் அனைவரின் பணம்.

வாங்குகிறவரும் நம் பக்கத்தில் முடிவு செய்பவரைத் தேடுகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விலையில் ஒரு ரூபாய் குறைக்க முடியுமா என்று அவர் கேட்கையில், "குழு கூடியபின் சொல்கிறோம்" என்றால் அவர் அடுத்தவரை நாடுவார். எந்த விலை வரை, எந்த அளவு வரை ஒப்புக்கொள்ளலாம் என நிர்வாகக் குழு முன்னரே தீர்மானம் நிறைவேற்றி, காரியதரிசிக்கு அதிகாரம் அளித்தல் வேண்டும்.

வாங்க உத்தரவிடுபவர் வேறு, பணம் பட்டுவாடா செய்பவர் வேறு. குறு, சிறு தொழில்களின் உற்பத்தியை விற்கும் கூட்டுறவுச் சங்கங்களையும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தன் பாதுகாப்பில் சேர்த்துள்ளது. ஒப்பந்தம் எப்படியிருப்பினும் தவணை 45 நாளைத் தாண்டலாகாது என்பது அதன் விதி. ஆதலால் முதல் சந்திப்பிலேயே கணக்குப் பிரிவில் பில்லைப் பெறுபவர் பெயரையும் குறித்துக்கொள்க. சரக்கு உள்ளே சென்றால் மட்டும் வியாபாரம் முடிந்ததாகாது. பணம் சங்கத்துக்கு வந்து சேர வேண்டும்.