மூச்சில் நுழைந்து முகத்தில் பூக்கும் அம்மை!

அம்மை என்றதும் தோல்தானே நினைவுக்கு வருகிறது? ஆனால் தட்டம்மை வைரஸ் உள்ளே நுழைவது மூச்சுக்காற்று வழியாக, தெரியுமா! மணல்வாரி என்றும், இலங்கையில் சின்னமுத்து என்றும் அழைக்கப்படும் நோய் இதுதான். நோயுற்ற குழந்தை இருமிவிட்டு வெளியேறிய பிறகும், இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் வைரஸ் காத்திருக்கும். அருகில் இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால், பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும்!

முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. சாதாரணச் சளி என்றே தோன்றும். ஆனால் தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே கன்னத்தின் உட்புறத்தில் உப்பைத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தெரியும். 1896-ல் நியூயார்க் குழந்தை மருத்துவர் ஹென்றி காப்லிக் விவரித்த புள்ளிகள் இவை. அதன் பிறகே காதுக்குப் பின்னாலும் நெற்றி முடியோரமும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று இறங்கும். கறுத்த குழந்தைகளுக்குச் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. தடவிப் பாருங்கள், தோல் சொரசொரக்கும்.

அந்தத் தடிப்பு எப்படி உண்டாகிறது என்பதுதான் பெரிய வியப்பு! தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் வைரஸ் புகுந்த செல்களை, உடலின் சொந்தப் படையான டி செல்கள் தாக்குகின்றன. அந்தப் போர்தான் வெளியே தடிப்பாகத் தெரிகிறது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய குழந்தைக்குத் தடிப்பே இல்லாமல் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். அங்கே தோல் தெளிவாக இருப்பது நல்ல செய்தியே அல்ல!

1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். ஆனால் 1781-ல் அம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களை அது தொடவில்லை என்று டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானும் பதிவு செய்தார். 65 ஆண்டுகளாக உடல் மறக்கவில்லை! அதே தட்டம்மை, மற்ற கிருமிகளைப் பற்றிய நினைவை அழித்துவிடுகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்த 2019-ம் ஆண்டு ஆய்வில், நோய்க்குப் பின் பிற கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று என இந்தியாவில் இலவசமாகப் போடப்படும் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி காப்பது இந்த நினைவையும் சேர்த்துத்தான்!

எல்லாத் தடிப்பும் தட்டம்மை அல்ல. பார்வோ வைரஸ் பி19 கன்னங்கள் இரண்டையும் பளிச்சென்று சிவக்க வைக்கும். அது தெரியும் நேரத்தில் பெரும்பாலும் தொற்றும் காலமே முடிந்திருக்கும். ரோசியோலா என்ற குழந்தைப்பருவ வைரஸ் நோயில் மூன்று நான்கு நாள் கொதித்த காய்ச்சல் இறங்கிய பிறகுதான் உடம்பில் தடிப்பு எழும்.

பெரும்பாலான வைரஸ் தடிப்புகள், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் மங்கும். காய்ச்சலோடு வரும் ஊதாப் புள்ளிகள் அப்படி மங்கவில்லை என்றால், தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராதீர்கள், அப்போதே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.