ராமைப் பற்றி ராமிடமே கேட்டால் போதாது

வீட்டுக் கணினிகளின் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நீட்டித்துக் கொடுத்த பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு முடிகின்றன. பழைய கணினியைத் தேற்றி விண்டோஸ் 11-க்கு மாற நினைப்பவர்கள் ராம் தேடி அலைகிறார்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் சேர்ந்துகொள்ள, கழற்றி விற்ற பழைய ராமும் பெயர் தெரியாத பிராண்டுகளும் நன்றாகவே விலைபோகின்றன. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சந்தேகம்: பில்லில் போட்டிருக்கும் சரக்குதான் கைக்கு வந்திருக்கிறதா?

4 ஜிபி போதும் என்ற மைக்ரோசாஃப்டின் குறைந்தபட்சக் கணக்கை நம்பி யாரும் ராம் வாங்க வேண்டாம். அது விண்டோஸ் 11 ஏறுவதற்கான கணக்கு. ஏறிய பிறகு நீங்கள் வேலை பார்ப்பதற்கு அது காணாது.

வேகம் குறித்த பயம் பெரும்பாலும் வீண். 3200 என்று விற்ற டிடிஆர்4 ராமுக்கு சிபியு-இசட் என்ற மென்பொருள் 1600 காட்டினால் சரியாகவே காட்டுகிறது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது, மென்பொருள் துடிப்பை எண்ணுகிறது. பெட்டியில் 6000 என்றிருக்கும் டிடிஆர்5 ராம் போட்டவுடன் 4800-இல் ஓடினாலும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கினால்தான் அந்த வேகம் வரும். ஆனால் அந்த 6000 ஓவர்கிளாக் வேகம். அப்படி ஓட்டினால் பிராசஸரின் வாரண்டி பாதிக்கப்படலாம் என்று இன்டெல், ஏஎம்டி இரண்டுமே எழுதி வைத்திருக்கின்றன. பெட்டியின் முகப்பில் அதைச் சொல்லாமல் விற்பது நேர்மையான வியாபாரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது கொள்ளளவு. ஒவ்வொரு ராமிலும் எஸ்பிடி என்ற சிறு சிப் ஒன்று உண்டு. டிடிஆர்4-இல் 512 பைட், டிடிஆர்5-இல் 1024 பைட். எத்தனை ஜிபி, என்ன வேகம், யார் தயாரித்தது, எந்த ஆண்டின் எந்த வாரம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இதை ராமின் அடையாள அட்டை என்கிறார்கள் விற்பவர்கள். அடையாள அட்டையை வேறொருவர் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். எஸ்பிடியில் இருப்பதோ ராம் தன்னைப் பற்றித் தானே தரும் வாக்குமூலம். பயாஸ், டாஸ்க் மேனேஜர், சிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ எல்லாம் நேராகவோ சுற்றி வளைத்தோ இந்தப் பைட்டுகளைத்தான் படிக்கின்றன. நான்கும் ஒன்றையே சொன்னாலும் சாட்சி ஒன்றுதான்.

பிழை கண்டுபிடிக்க ஒரு கூட்டுச் சரிபார்ப்பு எண்ணும் உள்ளே இருக்கிறது. டிடிஆர்4-இல் அது முதல் 126 பைட்டுகளைக் காக்கிறது. தயாரிப்பாளர், தேதி, பாகத்தின் எண் எல்லாம் 320-ஆவது பைட்டுக்கு மேலே, அந்தக் காவலுக்கு வெளியே கிடக்கின்றன. உள்ளே இருப்பதை மாற்றுகிறவரும் புது எண்ணைக் கணக்கிட்டு எழுதிவிட்டுப் போகலாம். எழுதிய பின் பூட்டிவைக்கும் வசதி இருந்தும் பூட்டாமலே கடைக்கு வரும் ராம்கள் உண்டு.

இது வெறும் சந்தேகமல்ல. பெல்ஜியத்தின் லூவன், ஜெர்மனியின் லூபெக், பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் ‘பேட்ராம்’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். ராஸ்பெர்ரி பை பிகோ உட்பட சுமார் 10 டாலர் செலவில் எஸ்பிடியை மாற்றி எழுதி, ராமை இரு மடங்கு பெரியதாகச் சொல்ல வைத்தார்கள். கணினி நம்பியது. அவர்கள் குறிவைத்தது சர்வர்களில் ஏஎம்டி தரும் எஸ்இவி-எஸ்என்பி பாதுகாப்பை. ஏஎம்டி ஃபர்ம்வேரைத் திருத்த வேண்டி வந்தது. 8 ஜிபியை 16 ஜிபி என்று விற்க நினைப்பவருக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

கணினி அதை நம்பிய பின் உள்ளே நடப்பதைப் பாருங்கள். பிராசஸர் ஒரு முகவரி பிட்டைக் கூடுதலாக அனுப்புகிறது. ராமில் அந்த பிட்டுக்கு வேலை இல்லாததால் ராம் அதைக் கண்டுகொள்வதில்லை. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் இருப்பதுபோல, ஒரே செல்லுக்கு இரண்டு முகவரிகள் வந்துவிடுகின்றன. கணினி அவற்றை இரண்டு வீடுகள் என்று நினைத்து இரண்டிலும் குடிவைக்கிறது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிடும். சில கணினிகள் விண்டோஸ் ஏறும்போதே விழும். சில, லேசான வேலைகளுக்கு நன்றாக ஓடிவிட்டு, நினைவகம் நிரம்பத் தொடங்கும்போது உங்கள் கோப்பைக் கெடுத்துவிட்டு நீலத் திரைக்குப் போகும்.

இதைப் பிடிப்பதற்கான சோதனை எளிது, அழகும்கூட. மெம்டெஸ்ட்86+ இலவசம், பென்டிரைவில் போட்டு பூட் செய்யலாம். அதன் தொடக்கச் சோதனைகளில் ஒன்று, ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் முகவரியையே எழுதிவைத்துவிட்டுத் திரும்ப வந்து படிக்கிறது. இரண்டு முகவரிகள் ஒரே செல்லைக் காட்டினால், ஏதாவது ஒன்றில் அடுத்ததன் முகவரி உட்கார்ந்திருக்கும். இங்கே எஸ்பிடி என்ன சொன்னாலும் எடுபடாது, செல்லே பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சுற்று முழுவதும் ஓடவிடுங்கள், பழுதான செல்களும் தெரிந்துவிடும்.

ஹீட் ஸ்ப்ரெடர் இல்லாத ராம் என்றால் கண்ணாலேயே கணக்குப் போடலாம். சாம்சங் டிடிஆர்4 சிப்பின் மேல் கே4ஏ8ஜி085 என்று தொடங்கினால், நடுவிலுள்ள 8ஜி என்பது 8 ஜிகாபிட், அதாவது 1 ஜிபி. அப்படி எட்டு சிப் இருந்தால் 8 ஜிபிதான், ஸ்டிக்கர் 16 என்றாலும். ஹீட் ஸ்ப்ரெடரை நெம்பிக் கழற்றாதீர்கள், வாரண்டி போய்விடும்.

மற்ற கேள்விகள்:

16 ஜிபிக்கு 15.8 காட்டுகிறதே? மீதியை ஹார்டுவேருக்கு, பெரும்பாலும் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு, ஒதுக்கியிருக்கிறது.

இரண்டு கம்பெனி ராமைச் சேர்த்துப் போடலாமா? பெரும்பாலும் ஓடும், இரண்டில் மெதுவானதன் வேகத்தில்.

டிடிஆர்5-இன் ‘ஆன்-டை ஈசிசி’ சர்வர் ராமுக்குச் சமமா? இல்லை, சிப்புக்குள் நேரும் பிழைகளை மட்டும் திருத்தும்.

எப்போது சோதிப்பது? திருப்பிக் கொடுக்கும் கெடு ஓடத் தொடங்கிய அன்றே.

கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும், மெம்டெஸ்ட் பிழை காட்டிய திரையின் படமும் கையில் இருக்கட்டும்.