உம்மணாமூஞ்சிக்கு இறக்குமதி எதற்கு?

பிரெஞ்சு மொழியில் 'மூ' என்றொரு சொல் உண்டு. மனத்தாங்கலிலோ செல்லக் கோபத்திலோ உதட்டைக் குவித்துப் பிதுக்கும் முகக்குறிப்பை அது சுட்டும். ஆங்கிலம் இச்சொல்லை இருமுறை கடன் வாங்கியது: இடைக்காலத்தில் தன் வழக்குக்கேற்ப உருமாற்றி ஒருமுறை, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்துகள் மாறாமல் மறுமுறை. ஏறத்தாழ அதே பொருளில் 'பௌட்' என்ற சொல் கையிருப்பில் இருந்தும் இரண்டாம் கடன் நிகழ்ந்தது. தேவைக்காக மட்டுமன்றி, மதிப்புக்காகவும் சரக்கு இறக்குமதியாவதுண்டு அல்லவா?

தமிழின் கதை வேறு. கோட்டக்குப்பத்தை ஒட்டித் தெற்கே தொடங்கும் புதுச்சேரியில், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இடையிடையே கைப்பற்றிய ஆண்டுகள் நீங்கலாக, 1674 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நிலவியது. அக்காலத்தில் தமிழுக்குள் வந்த சொற்கள் எவை? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பிரெஞ்சு கனவான்கள் 'முசே' ஆகிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோர் 'சொல்தா' எனப்பட்டனர். நகர மன்றக் கட்டடம் 'மேரி' ஆயிற்று. எல்லாம் பதவி, படை, அலுவலகம் சார்ந்தவை. முகத்தைக் குறிக்கும் 'மூ' அவற்றுள் இல்லை. ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான பிள்ளை, துரையின் முகமறிந்து பேச வேண்டிய இடத்தில் இருந்தவர். ஆயினும் அவர் தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார்.

காரணம், இத்துறையில் நம் கையிருப்பு பெரிது. உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்து, அதற்கெனத் தொல்காப்பியம் ஓர் இயலையே ஒதுக்கியது. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்களோடுதான் திருக்குறள் நிறைவுறுகிறது. பேச்சுவழக்கும் குறைந்ததன்று. அருவருப்புக்கு முகஞ்சுளித்தல், வேண்டியதைப் பெறச் சிணுங்கல், பேச மறுக்கும் கோபத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல். 'மூ' என்னும்போது உதடு குவிவதுபோல், 'உம்' என்னும்போதும் உதடு மூடிக்கொள்கிறது. உம்மணாமூஞ்சி பிறந்தது அங்கேதான்.

இன்றோ இவை அனைத்தின் இடத்தையும் 'மூட் அவுட்' என்ற ஒற்றைச் சொல் பிடித்து வருகிறது. இல்லாத பொருளுக்கு வரும் கடன்சொல் மொழியை வளர்க்கும். ஒன்று வந்து பத்தை விலக்கினால் அது நட்டக் கணக்கு. தன் வருத்தத்துக்குப் பெயரறியாத பிள்ளை அதைப் பிறருக்கு எப்படி உணர்த்தும்? 'மூட் அவுட்' என்று அது சொல்லும்போது, 'கோபமா, ஏக்கமா, சலிப்பா?' என்று நாம் ஒரு முறை கேட்கலாம். அந்தக் கேள்வியில் சொல்லும் பிழைக்கும். பிள்ளையின் மனமும் திறக்கும்.