பாலினேசியப் பச்சை: உடலில் எழுதப்படும் உறவுமுறை

பச்சை குத்துதலைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் 'டாட்டூ' என்னும் சொல் பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளில் பிறந்தது. சமோவாவிலும் தாஹித்தியிலும் அதன் மூலவடிவம் 'தத்தாவ்' என்பதாகும். 1769ஆம் ஆண்டு தாஹித்தியில் தங்கிய கேப்டன் ஜேம்ஸ் குக்கும், உடன் சென்ற இயற்கையியலாளர் ஜோசப் பாங்க்ஸும் தம் நாட்குறிப்புகளில் இச்சொல்லைப் பதிவு செய்தனர். அதன் வழியே அது ஆங்கிலத்தில் நிலைபெற்றது. சொல் கடல் கடந்தது. அது சுமந்திருந்த பொருள் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிட்டது.

அரபு இலக்கியம் பயின்றோருக்கு 'வஷ்ம்' புதிய செய்தியன்று. முஅல்லகாக் கவிஞர்களான லபீதும் தரஃபாவும், காதலியின் குலத்தார் விட்டுச் சென்ற குடியிருப்பின் எச்சங்களைப் பச்சைக் குறிகளோடு ஒப்பிட்டுப் பாடியுள்ளனர். நபி (ஸல்) அவர்கள் பச்சை குத்துவதைத் தடுத்துள்ளார்கள் என்பதால் நம் வாழ்வில் அதற்கு இடமில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதனை எழுத்தாகக் கொண்டு தன் வரலாற்றைக் காத்தது என்பதை அறிவது வேறு செய்தி.

இன்று பச்சை குத்தும் கடைகளில் பாலினேசிய வடிவங்கள் ஓர் அகராதியைப் போல அடுக்கி வைக்கப்படுகின்றன. ஆமை என்றால் நீண்ட ஆயுள், சுறாவின் பல் என்றால் வீரம், அலை என்றால் பயணம் என்று பொருள் கூறப்படுகிறது. வாடிக்கையாளர் தமக்குப் பிடித்ததைச் சுட்டிக்காட்டினால் போதும். ஆனால் அத்தீவு மக்களின் மரபில் ஒரு வடிவம் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அணிபவர் யார், எக்குடும்பத்தார், உடலின் எவ்விடத்தில், எவர் கையால் என்பவற்றோடு சேர்ந்தே அது பொருள் கொள்கிறது.

சமோவாவை எடுத்துக்கொள்வோம். அங்கு ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பெறுவது 'பெஅ'. பெண்கள் தொடையிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை பெறுவது 'மலு'. மலு என்னும் சொல்லுக்குக் காத்தல், புகலிடம் என்றெல்லாம் பொருள் உண்டு. பெஅவின் வேலை முதுகின் கீழ்ப்பகுதியில் படகு வடிவத்தோடு தொடங்கித் தொப்புளில் முடிவடைகிறது. பன்றித் தந்தத்தாலோ எலும்பாலோ செய்த பற்களை ஆமையோட்டில் பொருத்தி, அதற்கு மரக்கைப்பிடி இட்டு, சிறு தடியால் தட்டித் தட்டிப் பொறிப்பர். எண்ணெய் மிக்க ஒருவகைக் கொட்டையை எரித்தெடுத்த கரியே மரபான மை. பல நாட்கள் நீளும் இவ்வேதனையைத் தாங்க இயலாது இடையில் நிறுத்தியவரின் பெஅ, குறைபட்டதாகவே வாழ்நாள் முழுதும் நிற்கும். அது குடும்பத்திற்கே இழுக்கு.

இங்கு வடிவங்களைத் தேர்பவர் அணிபவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 'துஃபுங்கா' எனப்படும் தலைமைக் கலைஞரே அவற்றை முறைப்படுத்துகிறார். சுஆ, துலோஉஎனா என்னும் இரு குடும்ப மரபினரிடம் இக்கலை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. 1830 முதல் வந்த கிறிஸ்தவப் போதகர்கள் எதிர்த்தும் அங்கு இச்சங்கிலி அறுபடவில்லை.

மார்க்கேசாஸ் தீவுகளின் நிலை வேறு. பிரெஞ்சு ஆட்சியும் திருச்சபையும் தடுத்ததால் அங்கு ஆசிரிய மரபு அற்றுப்போயிற்று. 1897-98இல் அங்கு சென்ற ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபொன் டென் ஷ்டைனன் தொகுத்து, 1925இல் வெளியிட்ட நூலே பிற்காலத்தில் இக்கலையை மீட்டோருக்குப் பெருந்துணையாயிற்று. ஏடு பிழைத்தது, அதனை ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் பிழைக்கவில்லை. சனது அறுந்த நூலைக் கையாள்வது எத்தகைய பொறுப்பு என்பதை நம் மதரஸாக்களில் பயின்றோர் நன்கறிவர்.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் முகத்தில் பொறிக்கப்படும் 'மோக்கோ' இன்னும் நுட்பமானது. பண்டு அது ஊசியால் குத்தப்படாமல், உளி போன்ற கருவியால் தோலில் வரிகளாகச் செதுக்கப்பட்டது. அதன் உள்ளடக்கம் 'ஃபக்கபப்பா', அதாவது வமிசாவளி. அரபியர் போற்றிய 'நஸப்' அறிவை இதனோடு ஒப்பிடலாம். 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி உடன்படிக்கையில் தலைவர்கள் சிலர் தம் மோக்கோவின் பகுதியையே கையொப்பமாக வரைந்தனர். ஒருவரின் கையொப்பத்தை அழகாக இருக்கிறது என்பதற்காக மற்றொருவர் இட்டுக்கொள்ளலாகுமா?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. 2013இல் நைக்கி நிறுவனம் பெண்களுக்கான விளையாட்டு உடையில், ஆண்களுக்கே உரிய பெஅ வடிவங்களை ஒத்தவற்றை அச்சிட்டது. பசிபிக் மக்கள் எதிர்த்ததும் அதனை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது.

மாவோரிக் கலைஞர்கள் வாயிலை முற்றிலும் அடைத்துவிடவில்லை. பிறருக்கென வரையப்படும் வடிவங்களைப் பலர் 'கிரித்துஹி' என்று வேறுபடுத்துகின்றனர். 'கிரி' என்பது தோல். 'துஹி' என்பது எழுதுதல். மோக்கோவின் அழகியலை ஒட்டியிருந்தும், எவருடைய வமிசத்தையும் அது உரிமை கொண்டாடுவதில்லை. அம்மரபில் நின்ற கலைஞரிடம் சென்று, தன் வாழ்வைச் சொல்லி, அவர் வரைந்து தருவதை ஏற்பதே நேரிய வழி என்பது அவர்தம் நிலைப்பாடு.

ஆக, பாலினேசிய வடிவத்தின் பொருளைத் தேடுவோர் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்பதற்கு முன்னர் 'இது யாருடையது?' என்று கேட்டாக வேண்டும். முதற்கேள்விக்குப் பட்டியலே விடை சொல்லிவிடும். இரண்டாவதற்கு விடை சொல்ல அம்மண்ணின் மனிதர்களே வேண்டும்.