மேசைமேல் சிலம்பம்: வீட்டு விதிகளுக்குள் ஒளிந்திருக்கும் கணிதம்



லெம்பா பெர்த்தாமில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் திடலை மறந்துவிட வேண்டியதுதான். தேயிலைச் சரிவும் காய்கறிக் கொட்டகைகளும் பனிமூட்டத்துக்குள் மறைந்துவிடும். வீட்டுக்குள் கேரம், தாயம், சீட்டு என ஏதாவது ஓர் ஆட்டம் தொடங்கும். அதோடு ஒரு வாக்குவாதமும் தொடங்கும்: "எங்க வீட்டுல இப்படித்தான் ஆடுவோம்!"

அச்சிட்ட விதிகளோடு நாமாகச் சேர்த்துக்கொள்ளும் இத்தகைய விதிகளைத்தான் வீட்டு விதிகள் என்கிறோம். அவற்றைச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் பகடை உருளும் ஆட்டத்தில் ஒரு விதியை மாற்றினால் வெற்றி வாய்ப்பும் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது, யாருக்குச் சாதகமாக மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்கிட்டால்தான் தெரியும்.

தாயத்திலிருந்து தொடங்குவோம்

பாட்டி வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டு கட்டைகளை உருட்டினால் 4 × 4 = 16 வகையில் விழலாம். ஒன்றில் 1, மற்றதில் வெற்றுப் பக்கம் விழுந்தால் தாயம். அது இரண்டு வகையில் நடக்கும். ஆகவே தாயம் விழும் வாய்ப்பு 2/16, அதாவது எட்டில் ஒன்று. காயை இறக்கச் சராசரியாக 8 முறை உருட்ட வேண்டும்.

"ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம்" என்று ஒரு வீட்டில் சேர்த்துக்கொண்டால்? 2-உம் 3-உம் சேர்ந்து ஐந்தாவது இன்னும் இரண்டு வகை. வாய்ப்பு 4/16 ஆகிறது. காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு சிறு சலுகை ஆட்டத்தின் வேகத்தையே இரட்டிப்பாக்கிவிட்டது!

பகடை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த பகடைகளே கிடைத்துள்ளன. உங்கள் படிவம் 2 கணிதப் பாடத்தில் வரும் 'கெபாராங்காலியான்', அதாவது நிகழ்தகவு, இந்தப் பகடைகளிலிருந்து பிறந்த கணிதம்தான்.

நம் ஆட்டம்

குத்துச்சண்டை வீரர்களை அட்டைகளாக்கி மேசைமேல் மோதவிடும் ஆட்டங்கள் வெளிநாடுகளில் உண்டு. நாம் சிலம்பத்தை எடுத்துக்கொள்வோம். தொடு முறைச் சிலம்பத்தில் எதிராளியின் உடலில் கம்பு பட்டால் புள்ளி. மேசைமேல் அதை இப்படி ஆடலாம்:

ஆளுக்கொரு வீரர் அட்டை. ஆறு முகப் பகடை இரண்டு. ஒரு சுற்றில் ஒவ்வொருவரும் மாறி மாறி 5 முறை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு தொடு. அதிகத் தொடு எடுத்தவருக்கு அந்தச் சுற்று. மொத்தம் மூன்று சுற்றுகள்.

இரண்டு பகடைகள் 36 வகையில் விழலாம். 8 வருவது 5 வகை, 9 வருவது 4, 10 வருவது 3, 11 வருவது 2, 12 வருவது 1. கூட்டினால் 15. எனவே தொடு கிடைக்கும் வாய்ப்பு 15/36, ஏறத்தாழ 42 விழுக்காடு. இனி வீட்டு விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம்.

"ஒன்றுதானே கூட்டினேன்!"

அண்ணனின் அட்டையில் 'வேகம் +1' என்று எழுதுகிறோம். இனி அவருக்கு 7 விழுந்தாலே போதும். 7 மட்டுமே 6 வகையில் விழும். வாய்ப்பு 21/36, அதாவது 58 விழுக்காடு. ஒரே ஒரு புள்ளி 42-ஐ 58 ஆக்கிவிட்டது.

தம்பி சும்மா இருப்பாரா? 'தவறினால் ஒருமுறை மறுபடி உருட்டலாம்' என்று தன் அட்டையில் எழுதிக்கொள்கிறார். இரண்டு முறையும் தவறும் வாய்ப்பு 21/36 × 21/36, அதாவது 34 விழுக்காடு. ஆகவே தொடு கிடைக்கும் வாய்ப்பு 66 விழுக்காடு. தம்பியின் அட்டைதான் பலமானது!

ஆனால் எல்லா நேரத்திலும் அப்படியல்ல. எதிராளியிடம் நல்ல 'காப்பு' அட்டை இருந்து, தொடுவதற்கு 11 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வீரருக்கு வாய்ப்பு 3/36. '+1' உள்ளவருக்கு 6/36, சரியாக இருமடங்கு, 16.7 விழுக்காடு. மறுபடி உருட்டுபவருக்கு 16 விழுக்காடு. இப்போது அண்ணன் நூலிழை முன்னே நிற்கிறார். ஒரு சலுகையின் மதிப்பு அந்தச் சலுகையில் மட்டும் இல்லை. எந்த எண்ணின்மேல் அதைப் போடுகிறோம் என்பதிலும் இருக்கிறது.

அபூர்வம் எத்தனை அபூர்வம்?

அடுத்து விறுவிறுப்பான விதி ஒன்று: "இரட்டை ஆறு விழுந்தால் எதிராளியின் கம்பு கைநழுவும். ஆட்டம் அதோடு முடிந்தது!" இரட்டை ஆறு 36-இல் ஒருமுறைதானே, எப்போதாவதுதானே நடக்கும் என்று தோன்றும்.

பிரான்சில் இதே கேள்வி பெரிய கணிதத்துக்கு வழிவிட்டது. செவாலியே த மேரே என்ற சூதாட்டப் பிரியர், இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கும் என நம்பினார். 1654-இல் பிலேஸ் பாஸ்கலும் பியேர் த ஃபெர்மாவும் பகடைக் கேள்விகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவுக் கணிதம் அங்கே உருப்பெற்றது. 24 முறைக்குச் சரியான விடை 49.1 விழுக்காடு. பாதிக்குச் சற்றே கீழே! 25-ஆவது முறை உருட்டினால்தான் பாதியைத் தாண்டும்.

நம் ஆட்டத்தில் மூன்று சுற்றுக்கு இருவரும் சேர்ந்து 30 முறை உருட்டுகிறோம். ஒருமுறைகூட இரட்டை ஆறு வராத வாய்ப்பு, 35/36 என்பதை 30 முறை பெருக்கினால் வரும்: 43 விழுக்காடு. அப்படியானால் 57 விழுக்காடு ஆட்டங்களில் இரட்டை ஆறு தலைகாட்டிவிடும். நீங்கள் யோசித்து யோசித்து எழுதிய வேகமும் காப்பும் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வீண்! அந்த விதி வேண்டும் என்றால், 'கைநழுவினால் அந்தச் சுற்று மட்டும் போகும்' என்று மாற்றிப் பாருங்கள்.

உண்மையான சண்டைக் களத்திலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 1743-இல் லண்டனில் ஜாக் பிராட்டன் என்ற குத்துச்சண்டை வீரர் தம் அரங்கத்துக்கென்று விதிகள் எழுதினார். கீழே விழுந்தவரை அடிக்கக் கூடாது. விழுந்தவர் எழுந்து வர அரை நிமிடம் உண்டு என்பவை அவற்றுள் சில. ஓர் அரங்கின் 'வீட்டு விதி' பிறகு பல அரங்குகளுக்குப் பரவியது. 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் அந்த அரை நிமிடத்தை 10 விநாடி ஆக்கின. ஒரு சுற்று 3 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு என்பதும் அவற்றில்தான் வந்தது. அங்கே விதியில் உள்ள ஓர் எண் ஒரு மனிதரின் உயிரைக் காக்கும். மேசைமேல் அது நட்பைக் காக்கும்.

முதலில் உருட்டுவது யார்?

ஒரு சுற்றில் இருவரும் சமமாகத் தொடு எடுத்துவிட்டால்? "மாறி மாறி உருட்டுவோம். முதலில் தொடுபவருக்குச் சுற்று" என்று முடிவு செய்கிறோம். இருவருக்கும் ஒரே பகடை, ஒரே எண். நியாயம்தானே?

இல்லை. முதலில் உருட்டுபவர் தொட்டுவிட்டால் மற்றவருக்கு உருட்டும் வாய்ப்பே கிடைப்பதில்லை. 15/36 வாய்ப்பு உள்ள ஆட்டத்தில், முதலில் உருட்டுபவர் வெல்லும் வாய்ப்பு 63 விழுக்காடு. இதைச் சரிசெய்வது எளிது. முதலாமவர் தொட்டாலும் மற்றவருக்கு ஒரு பதில் வீச்சு கொடுங்கள். இருவரும் தொட்டால் மீண்டும் தொடருங்கள். வாய்ப்பு 50-50 ஆகிவிடும்.

எத்தனை சுற்று?

ஒவ்வொரு சுற்றையும் அண்ணன் 60 விழுக்காடு வாய்ப்போடு வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சுற்று ஆடினால் தம்பிக்கு 40 விழுக்காடு வாய்ப்பு. மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும் என்றால் தம்பியின் வாய்ப்பு 35 ஆகக் குறையும். ஐந்தில் மூன்று என்றால் 32. ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டம் கரையும், பலம் தெரியும். யார் திறமைசாலி என்று அறிய வேண்டுமானால் நீண்ட ஆட்டம் நல்லது. இளையவரும் ஆசையோடு ஆட வேண்டுமானால் குறுகிய ஆட்டம் நல்லது. இரண்டும் சரியே. எதற்காக ஆடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இரண்டு பகடைகளை 36 முறை உருட்டி, 8-உம் அதற்கு மேலும் எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். சரியாக 15 வர வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் 12-க்கும் 18-க்கும் இடையில் விழும். தங்கை 18 முறை தொட்டதால் அவர் பகடையில் தில்லுமுல்லு என்று சொல்லிவிடாதீர்கள். அவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பானது. வீட்டில் நான்கு பேர் சேர்ந்து 360 முறை உருட்டினால், எண்ணிக்கை பெரும்பாலும் 141-க்கும் 159-க்கும் இடையில் வரும். விழுக்காட்டில் பார்த்தால் 42-க்கு இன்னும் நெருங்கி வந்திருப்பீர்கள். உருட்டும் எண்ணிக்கை கூடக் கூட உண்மை தெளியும்.

பிறகு உங்கள் வீட்டு விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அதன் வாய்ப்பையும் எழுதுங்கள். படிவம் 4-இல் கூட்டு நிகழ்வுகளின் நிகழ்தகவைப் படிக்கும்போது இந்தத் தாள் கைகொடுக்கும். ஆட்டம் தொடங்கியபின் விதியை மாற்றக் கூடாது என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

விதி நியாயமானதா என்று சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஒருவர் விதிகளையும் அட்டைகளையும் எழுதட்டும். எந்த அட்டை தனக்கு வேண்டும், யார் முதலில் உருட்டுவது என்பதை மற்றவர் தேர்ந்தெடுக்கட்டும். எழுதும்போதே அது தெரிந்திருந்தால், உங்கள் கை தானாகவே நியாயத்தின் பக்கம் நகரும்.