போர்க்களத்தில் மூன்று செடிகள்

அம்பத்தூரில் ரயிலேறி ஆவடிப் பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் திருமுல்லைவாயில். தண்டவாள ஓரத்திலும் காலி மனைகளிலும் எருக்கு மண்டிக் கிடக்கும். வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து, மொட்டை அழுத்தினால் 'டப்'பென்று வெடிக்குமே, அந்த எருக்குதான். இந்த ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கருவறைக்கு முன்னே நிற்கும் இரண்டு தூண்களும் எருக்கந்தூண்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. எருக்கஞ்செடி எங்கே, தூண் எங்கே? அந்தக் கேள்வியோடு போனால் ஒரு போர்க்கதைக்குள் போய் நிற்போம்.

தலபுராணம் சொல்வது இது. புழலில் கோட்டை கட்டி வாழ்ந்த குறும்பர் தலைவர்கள் ஓணன், வாணன். அவர்களை அடக்கப் படையோடு வந்தான் தொண்டைமான். வழியில் அவனுடைய யானையின் காலை ஒரு முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது. வாளை உருவிக் கொடியை வெட்டினான். ரத்தம் பீறிட்டது. புதருக்குள் இருந்த லிங்கத்தின்மேல் வெட்டு விழுந்திருந்தது. பதறிப்போய்த் தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தவனைத் தடுத்த ஈசன், போருக்குத் துணையாக நந்தியை அனுப்பினார். இன்றும் அங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல், புறப்படத் தயாரானதுபோல் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறது. வென்ற மன்னன் குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவைதாம் அந்த எருக்கந்தூண்கள். காயம்பட்ட லிங்கத்துக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தின்போதுதான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள்.

கதை நேற்று முளைத்ததல்ல. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரர் இத்தலத்தின்மேல் பாடிய பதிகத்திலேயே தொண்டைமானின் யானையை முல்லைக் கொடி கட்டிப்போட்ட செய்தி வருகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரறிந்த கதை!

இதில் என்னை நிறுத்தியது செடிகள்தாம். முதல் செடி அரசனின் பெயரிலேயே இருக்கிறது. தொண்டை என்பது ஒரு கொடி. சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த பிள்ளையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டதால் 'தொண்டைமான்' என்ற பெயர் வந்தது என்று பழைய உரைகள் சொல்லும். தொண்டை மண்டல மரபுக் கதைகளில் குறும்பரை வென்றவன் பெயர் ஆதொண்டன். வேலிகளில் முள்ளோடு படர்ந்து, வெள்ளையாகப் பூத்து இளஞ்சிவப்பாக மாறும் கொடிக்கும் ஆதொண்டை என்றே பெயர். அதன் காயை வற்றல் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இரண்டாவது முல்லை. தொல்காப்பியர் காலம் தொட்டு முல்லை என்றால் காடு, மேய்ச்சல், ஆயர் வாழ்வு. குறும்பரோ ஆடு மேய்த்தவர்கள். குறும்பாடு என்ற சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. மேய்ச்சல்காரர்களின் கோட்டையைப் பிடிக்க வந்த யானையை அவர்கள் நிலத்துக் கொடியே மறித்தது என்றும் இந்தக் கதையைப் படிக்கலாம். படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்தவன் பாரி. தொண்டைமானின் கைக்கு முதலில் வந்தது வாள். ஒரே கொடி, இரண்டு மன்னர்கள்.

மூன்றாவது எருக்கு. யாரும் விதைப்பதில்லை, ஆடுமாடும் பெரும்பாலும் தொடாது. காரணம் பால். அதில் இதயத் துடிப்பைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உண்டு; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆனால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு. தின்ற நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு, பறவைகளுக்குக் கசந்து, தப்பித்துக்கொள்கிறது. புறநானூற்றில் கபிலர், எருக்கம்பூவைச் சூட்டினாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்கிறார். எளியதன் கடைசி எல்லைக்கு அவருக்குக் கிடைத்த உவமை எருக்கு. பிள்ளையாருக்கு எருக்கமாலை போடுகிறோம். ரதசப்தமிக்கு எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிக்கிறோம்.

சரி, தூண்? எருக்கு சாதாரணமாக ஆளுயரத்தைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு அடி வரை போகும். வயதானால் அடித்தண்டு மரமாக இறுகும். ஆனாலும் தூணாகும் அளவுக்குப் பருப்பது அபூர்வம். மரத்துணுக்கை நுண்ணோக்கியில் வைத்து, நாளங்களின் அமைப்பைக் கொண்டு இனத்தைக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. விடை எருக்கில்லை என்று வந்தாலும் கதைக்குக் குறையில்லை. தோற்றவர் வீட்டுத் தூண்களை எருக்கந்தூண் என்று ஏன் சொன்னார்கள் என்ற கேள்வி அப்போதுதான் இன்னும் சுவையாகும்.

புழல் கோட்டையின் பெயர் இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிக்கும், ஒரு சிறைச்சாலைக்கும் நிற்கிறது. முல்லை ஊர்ப்பெயரில் மிஞ்சியிருக்கிறது. ஆதொண்டையை இந்தப் பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அதே மண்ணில் நிற்பது எருக்கு ஒன்றுதான். கோயிலுக்குப் போகிறவர்கள் தூணைப் பார்ப்பதற்கு முன், ஸ்டேஷன் ஓரத்துச் செடியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இலையைத் திருப்பினால் வரிபோட்ட புழு ஒன்று இருந்தாலும் இருக்கும்.